உலகிடம் நாம் கேட்கும் நியாயம்

தலைநகரத்தில் வாழும் நமக்கு ஒரு வசதி உண்டு. தேசத்தின் பெரிய காரியங்களெல்லாம் நம் வீட்டுக்கு அண்மையிலேயே பேசி முடிவு செய்யப்படுகின்றன. 2023-ஆம் ஆண்டு செப்டம்பரில் இருபது நாடுகள் கூட்டமைப்பின் தலைவர்கள் பிரகதி மைதானத்தில் கூடினார்கள். இந்தியாவும் பிரான்ஸும் சேர்ந்து தோற்றுவித்த சர்வதேச சூரிய சக்திக் கூட்டணியின் தலைமை நிலையமோ, டில்லியின் எல்லையைத் தாண்டியவுடன் குருகிராமத்திலேயே இருக்கிறது. ஆனால் இந்த வசதியோடு ஒரு குறையும் ஒட்டிக்கொண்டு வருகிறது. அடிக்கடி காதில் விழும் பெரிய சொற்கள் நாளடைவில் பொருளற்ற ஓசையாகி விடுகின்றன. 'நீடித்த வளர்ச்சி', 'சர்வதேச உதவி', 'வளரும் நாடுகளின் முன்னுரிமை' என்ற சொற்கள் அவ்வகையைச் சேர்ந்தவை. அவை மேடைக்கு உரியவை, நமக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை என்று எண்ணிப் பத்திரிகையின் பக்கத்தைப் புரட்டி விடுகிறோம்.

இம்மாதம் அப்படிப் புரட்டாமல் சற்று நின்று பார்ப்போம். நம் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர், கார்த்திகை மாதத்தில் நம் குழந்தைகள் இழுக்கும் மூச்சு, நம்மவர்கள் குடியிருந்து இழந்த ஒரு பேட்டை ஆகிய மூன்றுக்கும் இச்சொற்களுக்கும் நெருங்கிய உறவு இருக்கிறது.

நீடித்த வளர்ச்சி என்பதற்கு உலகம் இன்று ஏற்றுக்கொண்டுள்ள விளக்கம் 1987-ஆம் ஆண்டில் பிறந்தது. அப்போது நார்வே நாட்டின் பிரதம மந்திரியாக இருந்த க்ரோ ஹார்லம் ப்ரண்ட்லண்ட் அம்மையாரின் தலைமையில் ஐக்கிய நாடுகள் சபை நியமித்த குழு அதனைக் கூறிற்று. இன்று வாழ்கிறவர்களின் தேவையும் நிறைவேற வேண்டும். அதனால் நாளை பிறக்கப் போகிறவர்களின் தேவைக்குப் பங்கமும் வரக்கூடாது என்பது அதன் சாரம். நம் ஊர் விவசாயிக்கு இதை எந்தக் குழுவும் வந்து சொல்ல வேண்டியதில்லை. பஞ்ச காலத்திலும் விதைநெல்லைக் குத்திச் சோறாக்காத குடும்பம் எதுவோ, அது நீடித்த வளர்ச்சியை அறிந்த குடும்பம்.

ஆயினும் இதில் ஒரு சிக்கல் உண்டு. விதைநெல்லைத் தொடாதே என்று வயிறு நிறைந்தவன் பசித்தவனுக்கு உபதேசம் செய்தால் அது நன்றாக இராது. இதனை உலக அரங்கில் முதன்முதலாக அழுத்தமாக எடுத்துச் சொன்ன தேசங்களுள் நம் தேசம் ஒன்று. 1972-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஸ்டாக்ஹோம் நகரில் மனிதச் சுற்றுச்சூழல் பற்றிய ஐ. நா. மாநாடு நடந்தபோது, விருந்தளித்த ஸ்வீடனின் பிரதமரைத் தவிர, அங்கே நேரில் சென்ற அரசாங்கத் தலைவர் இந்திரா காந்தி ஒருவரே. வறுமையும் இல்லாமையும் மிகப் பெரிய மாசுகள் அல்லவா என்ற பொருள்பட அவர் அங்கே வினவினார். காட்டையும் காற்றையும் காக்க வேண்டும். ஆனால் குடிசையில் விளக்கில்லாதவனிடம் போய், உலகத்தின் நன்மைக்காக நீ இருட்டிலேயே இரு என்று சொல்லலாகாது. இதுவே அன்று முதல் இன்று வரை நமது தேசத்தின் வாதம்.

இருபது ஆண்டுகள் கழித்து, 1992-ல் ரியோ டி ஜெனிரோ நகரில் கூடிய மாநாட்டில் இந்த வாதம் ஒரு கொள்கையாகவே வடிவம் பெற்றது. பூமியைக் காக்கும் பொறுப்பு எல்லோருக்கும் பொது. ஆனால் அதில் ஒவ்வொருவர் தாங்க வேண்டிய பங்கு வேறு வேறு என்பது அக்கொள்கை. கணக்கைப் பார்த்தால் அதன் நியாயம் விளங்கும். இந்தியர் ஒருவர் தலைக்குச் சராசரியாக ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 2 டன் கரியமில வாயு வெளியாகிறது. உலகச் சராசரி 4 டன்னுக்கு மேல். அமெரிக்கர் ஒருவருக்கோ ஏறத்தாழ 14 டன். நூற்றைம்பது ஆண்டுகளாக நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்துச் செல்வம் சேர்த்தவர்கள் சிலர். கடல் பொங்கினாலும் மழை பொய்த்தாலும் முதலில் அடிபடுகிறவர்கள் வேறு சிலர். ஆகவே, கேட்டைச் செய்தவர் அதைத் துடைக்கும் செலவில் பெரும்பங்கை ஏற்கட்டும் என்று நாம் கேட்கிறோம்.

இந்த வேண்டுகோளுக்குக் கிடைத்த பதில் என்ன? 2009-ல் கோபன்ஹேகனில் செல்வ நாடுகள் ஒரு வாக்குக் கொடுத்தன. 2020-ஆம் ஆண்டு முதல் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் வளரும் நாடுகளுக்குத் திரட்டித் தருவோம் என்றன. அந்தத் தொகை முதன்முறையாக எட்டப்பட்டது 2022-ல்தான் என்று செல்வ நாடுகளின் கணக்கே கூறுகிறது. அதிலும் சர்க்கார்கள் வழியாக வந்த பணத்தின் பெரும்பகுதி கடன். வட்டியோடு திருப்பிக் கொடுக்க வேண்டியது. பிறகு 2024 நவம்பரில் அஜர்பைஜானின் பாக்கு நகரில் நடந்த மாநாட்டில், 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்று புதிய வாக்குத் தரப்பட்டது. வளரும் நாடுகள் கேட்டதோ 1,30,000 கோடி டாலர். தலைவரின் சுத்தி மேஜையில் விழுந்த பிறகும் இந்தியப் பிரதிநிதி சாந்தினி ரெய்னா எழுந்து, இத்தீர்மானத்தை எங்களால் ஏற்க இயலாது என்று தெரிவித்தார். நம்மவர் பேசியது முற்றிலும் நியாயம் என்றே நாம் கருதுகிறோம்.

நிற்க. உலகம் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்பொழுது நம் துன்பம் தீர்ந்துவிடுமா? வெளியிலிருந்து வரும் உதவி எப்போது பலன் தருகிறது, எப்போது ஆற்றில் கரைத்த புளியாகிறது? இதற்கு விடை தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. இந்த டில்லி மாநகரிலேயே மூன்று சாட்சிகள் இருக்கின்றன.

முதற் சாட்சி, பூசா என்று நாம் அழைக்கும் இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம். 1956-ல் அமெரிக்காவோடு நாம் செய்துகொண்ட பி. எல். 480 ஒப்பந்தத்தின்படி அந்நாட்டுக் கோதுமை நம் துறைமுகங்களுக்கு வந்துகொண்டிருந்தது. 1965-லும் 1966-லும் அடுத்தடுத்து மழை பொய்த்தது. 1966-ல் மட்டும் ஒரு கோடி டன் அளவுக்குத் தானியம் இறக்குமதி செய்ய நேர்ந்தது. அமெரிக்க ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் கப்பல்களை மாதக் கணக்கில் அளந்து அளந்து அனுப்பினார். நம் கொள்கைகள் தமக்குப் பிடிக்காதபோது தாமதித்தார். கொடுக்கிற கை உயரத்தில் இருக்கும்போது வாங்குகிற தலை குனிந்துதானே இருக்க வேண்டும்?

அந்த நிலையில் உணவு மந்திரியாக இருந்தவர் பொள்ளாச்சி மண்ணில் பிறந்த சி. சுப்பிரமணியம். விவசாயச் செயலாளர் பி. சிவராமன். பூசா நிலையத்தில் விஞ்ஞானிகளை வழிநடத்தியவர் கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன். மூவரும் நம்மைப் போலத் தெற்கேயிருந்து இங்கே வந்தவர்கள் என்பதில் நமக்கு ஒரு பெருமிதம் உண்டு. அவர்களும் வெளியுதவியைத்தான் நாடினார்கள். ஆனால் மூட்டை மூட்டையாகத் தின்னும் கோதுமையைவிட விதையைப் பெரிதாகக் கேட்டார்கள். நார்மன் போர்லாக் மெக்ஸிகோவில் உருவாக்கிய குட்டைக் கோதுமையின் விதை 18,000 டன் 1966-ல் தருவிக்கப்பட்டது. டில்லி மாநிலத்தின் ஜோன்ட்டி என்ற கிராமத்தில் விவசாயிகளே விதை பெருக்கிக் கொடுத்தார்கள். மந்திரி தமது அரசாங்க பங்களாவின் புல்வெளியையே உழுது அக்கோதுமையைப் பயிரிட்டுக் காட்டினார். 1964-65-ல் ஏறக்குறைய 1 கோடியே 20 லட்சம் டன்னாக இருந்த கோதுமை விளைச்சல், 1967-68-ல் 1 கோடியே 65 லட்சம் டன்னைத் தாண்டிற்று. தானியமாக வந்த உதவி தின்று தீர்ந்தது. விதையாக வந்த உதவி, இனி அந்த உதவியே தேவையில்லை என்ற நிலையை உண்டாக்கிற்று.

ஆனால் இந்தச் சாட்சிக்கு மறுபக்கமும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் கதை அரைகுறை. 1968 ஜனவரியில் வாரணாசியில் நடந்த விஞ்ஞான காங்கிரஸில் சுவாமிநாதனே எச்சரித்தார். மண்ணின் வளத்தைக் கவனியாமல், நிலத்தடி நீரை வரம்பின்றி இறைத்து, ஒரே ரகத்தைப் பரப்பி, மருந்துகளை அளவின்றித் தெளித்தால், இந்த வெற்றியே தீங்காக முடியும் என்பது அவருடைய எச்சரிக்கையின் பொருள். அது செவியில் ஏறவில்லை. பஞ்சாபிலும் ஹரியானாவிலும் கோதுமையோடு நெல்லும் சேர்ந்தது. இலவச மின்சாரமும், அரசாங்கக் கொள்முதலும் அவ்விரு பயிர்களையே வளர்த்தன. கிணறுகள் ஆழமாகிக்கொண்டே போயின. நீரைக் காப்பதற்காக 2009-ல் பஞ்சாப் சர்க்கார் ஒரு சட்டம் செய்து, ஜூன் 10-க்கு முன் நாற்று நடலாகாது என்றது. நடவு தள்ளிப் போகவே அறுவடையும் தள்ளிப் போயிற்று. நெல்லை அறுத்துக் கோதுமை விதைப்பதற்கு இடையே இரண்டு மூன்று வாரங்களே மிஞ்சின. வயலை விரைவில் காலி செய்ய விவசாயி தாளுக்குத் தீ வைத்தான். காற்றடங்கிய கார்த்திகை மாதத்தில் அந்தப் புகை நம் தலைக்கு மேல் வந்து நிற்கிறது. டில்லியின் மாசுக்கு அது ஒன்றே காரணமன்று. நம் வண்டிகளின் புகையும், கட்டடத் தூசியும், தொழிற்சாலைகளும் ஆண்டு முழுவதும் தம் பங்கைச் செலுத்துகின்றன. எனினும் பசியைத் தீர்த்த வழியே மூச்சை முட்டும் வழியாக மாறியது எப்படி என்பதற்கு இது போதிய பாடம். வளர்ச்சிக்கு முன் 'நீடித்த' என்ற அடைமொழி வீணாகச் சேர்க்கப்படவில்லை.

இரண்டாம் சாட்சி, நாம் தினந்தோறும் ஏறிச் செல்லும் மெட்ரோ ரயில். 1998 அக்டோபரில் வேலை தொடங்கி, 2002 டிசம்பர் 24-ஆம் தேதி ஷாதராவிலிருந்து தீஸ் ஹஸாரி வரை முதல் பாதை திறக்கப்பட்டது. முதற்கட்டமான 65 கிலோமீட்டர் 2005-ல் முடிவுற்றது. இக்கட்டத்தின் செலவில் ஏறத்தாழ அறுபது சதவிகிதம் ஜப்பான் சகாய வட்டியில் தந்த கடன். மூலதனப் பங்கை மத்திய சர்க்காரும் டில்லி சர்க்காரும் சரிபாதியாகப் போட்டன. தலைமை வகித்தவர் இ. ஸ்ரீதரன், 1964 டிசம்பர்ப் புயலில் சிதைந்த நம் பாம்பன் பாலத்தை 46 நாட்களில் சீர்ப்படுத்தியவர் அவரே. ரயிலை நிறுத்தும்போது பிறக்கும் மின்சாரத்தைத் திரும்பப் பயன்படுத்தும் முறைக்காக 2007-ல் ஐ. நா. அமைப்பு இந்த ரயிலைத் தூய வளர்ச்சித் திட்டங்களின் பட்டியலில் பதிவு செய்தது. கடன் வாங்கிக் கற்றுக்கொண்ட டில்லி மெட்ரோ நிறுவனம், பிறகு சென்னை மெட்ரோவுக்கான திட்ட அறிக்கையைத் தயாரித்துக் கொடுக்கும் அளவுக்கு வளர்ந்தது.

மூன்றாம் சாட்சி, யமுனை. இதற்கும் பணம் கொடுத்தது அதே ஜப்பான்தான். 1993-ல் யமுனைச் செயல்திட்டம் தொடங்கிற்று. 2004-ல் அதன் இரண்டாம் கட்டம். பிறகு மூன்றாம் கட்டமும் வந்தது. 1994-ல் உச்ச நீதிமன்றமே பத்திரிகைச் செய்தி ஒன்றைக் கண்டு, தானாக முன்வந்து யமுனையைப் பற்றி வழக்கெடுத்தது. இத்தனைக்கும் பிறகு பலன் என்ன? யமுனை 1,376 கிலோமீட்டர் ஓடுகிறது. அதில் வஜீராபாத் அணையிலிருந்து ஓக்லா அணை வரை உள்ள 22 கிலோமீட்டர் முழு நீளத்தில் இரண்டு சதவிகிதத்துக்கும் குறைவு. ஆனால் நதியின் மாசில் ஏறத்தாழ முக்கால் பங்கு இந்தச் சிறு தூரத்திலேயே சேர்கிறது. ஒவ்வோர் ஆண்டும் சத் பூஜையின்போது காளிந்தி குஞ்ஜில் வெண்ணுரை மிதக்கும் நீரில் பெண்கள் இறங்கி நின்று சூரியனை வழிபடும் படங்களைப் பத்திரிகைகளில் பார்க்கிறோம்.

ஒரே நகரம், ஒரே கடன்காரர், ஏறக்குறைய ஒரே காலம். ஒன்று ஓடுகிறது, மற்றொன்று நாறுகிறது. காரணம் என்ன? மெட்ரோவுக்குப் பொறுப்பு ஒரு நிறுவனத்தின் கையில் இருந்தது. ஒரு நாள் தாமதமானாலும் பதில் சொல்ல ஓர் ஆள் இருந்தார். கட்டி முடித்த பிறகு நாள்தோறும் நடத்துவதற்குப் பயணச்சீட்டு வருமானம் இருந்தது. யமுனைக்கோ குடிநீர் வாரியம் ஒருபுறம், நகராட்சி ஒருபுறம், வளர்ச்சி ஆணையம் ஒருபுறம், வெள்ளத் தடுப்புத் துறை ஒருபுறம், அண்டை மாநிலங்கள் மற்றொருபுறம். கடன் பணத்தில் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. அவற்றுக்குக் கழிவைக் கொண்டுசேர்க்க வேண்டிய குழாய்கள் பல குடியிருப்புகளுக்கு எட்டவேயில்லை. இயந்திரம் ஓரிடத்தில் காத்திருக்க, சாக்கடை வேறு வழியாக நதிக்குப் போய்க்கொண்டிருந்தது. அணைக்குக் கீழே மழைக்காலம் தவிர மற்ற மாதங்களில் நதிக்கென்று நல்ல நீர் விடப்படுவதே அரிது. சிமெண்டும் இயந்திரமும் கடனுக்குக் கிடைக்கும். பொறுப்பு கடனுக்குக் கிடைக்காது. அதை நாமேதான் வீட்டில் விளைவிக்க வேண்டும்.

இந்தக் கட்டத்தில், நம் சங்கத்து அன்பர்கள் பலரும் மனம் நொந்து பேசிய ஒரு விஷயத்துக்கு வருகிறோம். யமுனையில் கலக்கும் கால்வாய்களுள் ஒன்று பாராபுல்லா. ஜஹாங்கீர் காலத்துப் பாலத்தின் பெயரால் வழங்கும் அக்கால்வாயின் கரையில், ஜங்புராவை ஒட்டி, 'மதராஸி கேம்ப்' என்ற பேட்டை ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக இருந்தது. அங்கே வாழ்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர்கள். அக்கம்பக்கத்துக் காலனிகளில் சமையலும் துப்புரவும் செய்து பிழைத்தவர்கள் அவர்களில் ஏராளம். தம் குழந்தைகளை லோதி எஸ்டேட்டிலுள்ள தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிக்கு அனுப்பித் தமிழும் கற்பித்து வந்தார்கள். கால்வாயைத் தூர்வாரி மழைநீர் தேங்காமல் செய்ய வேண்டும் என்பதற்காக, டில்லி உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2025 ஜூன் 1-ஆம் தேதி அந்தப் பேட்டை இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 370 வீடுகளில் பாதியளவுக்கே மாற்று வீடு பெறும் தகுதி உண்டு என்று முதலில் முடிவாயிற்று. தகுதி பெற்றவர்களுக்கும் வீடு கிடைத்த இடம் நரேலா. வேலைக்கும் பள்ளிக்கும் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தூரம்.

கால்வாயைத் தூர்வாரக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. வெள்ளம் வந்தால் முதலில் மூழ்குவதும் கரையோரக் குடிசைதான். கால்வாயின் ஓட்டத்துக்கு இடையூறாக எந்தக் கட்டடமும் இருக்கலாகாது என்பது சரி. ஆனால் அக்கால்வாயில் ஓடும் கழிவு யாருடையது? குஷக், சுனேரி முதலிய ஓடைகள் தென் டில்லியின் செழித்த காலனிகளுக்கு ஊடே வந்து அதில்தான் விழுகின்றன. மாடி வீட்டின் குளியலறையிலிருந்து புறப்பட்ட நீரும், அந்தக் குளியலறையைத் துடைத்தவளின் குடிசையிலிருந்து வந்த நீரும் அங்கே கலந்து ஓடின. தூய்மைப்படுத்தும் நாள் வந்தபோது வீட்டை இழந்தவள் துடைத்தவளே. கழிவைச் சேர்த்தவர் பலர். காலி செய்தவர் சிலர்.

அன்பர்கள் இவ்விடத்தில் சற்று நின்று ரியோ மாநாட்டுக் கொள்கையை நினைவுகூர வேண்டும். பொறுப்பு பொது, பங்கு வேறு வேறு. அதிகம் கெடுத்தவன் அதிகம் தாங்கட்டும். ஏழையின் தலையில் சுமையை ஏற்றாதீர் என்று பாக்குவிலும் கோபன்ஹேகனிலும் நாம் உலகத்துக்கு எடுத்துச் சொல்கிறோமே, அதே நியாயம் பாராபுல்லாக் கரையில் எங்கே போயிற்று? மாற்று வீட்டையும், அருகே பிழைப்பையும், பிள்ளைகளுக்குப் பள்ளியையும் முதலில் ஏற்பாடு செய்துவிட்டுப் பிறகு இடித்திருந்தால், நதியும் தூய்மையாகும், நியாயமும் நிலைத்திருக்கும். உலக அரங்கில் வளரும் நாடு எந்த இடத்தில் நிற்கிறதோ, நகரத்தில் குடிசைவாசி அதே இடத்தில் நிற்கிறான். வெளியே கேட்கும் நியாயத்தை வீட்டில் கொடுக்காதவனுடைய பேச்சு சபையில் எடுபடாது.

அப்படியானால் நம் தேசத்தின் முன்னுரிமைகள் எவையாக இருக்க வேண்டும்? பட்டியல் நீளமாக இருந்தால் எதுவும் நடவாது. ஐ. நா. சபை 2015-ல் வகுத்து 2030-க்குள் அடைய வேண்டும் என்ற இலக்குகளோ பதினேழு. நம் சிற்றறிவுக்கு எட்டியவரை நான்கைச் சொல்கிறோம்.

முதலாவது, குடிநீரும் சாக்கடையும். எந்தப் புதிய சுத்திகரிப்பு நிலையத்துக்கு அடிக்கல் நாட்டுவதற்கு முன்பும், இருக்கிற நிலையங்களுக்குக் குழாய் சேர வேண்டும். ஒரு நதிக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும். இரண்டாவது, பயிர் மாற்றம். பஞ்சாப் விவசாயியைக் குற்றவாளியாக்கி அபராதம் போடுவதால் புகை அடங்காது. நெல்லை விட்டுப் பருப்பும் சிறுதானியமும் எண்ணெய் வித்தும் பயிரிட்டால் அவனுக்கு நஷ்டம் வராது என்ற உறுதியை அரசாங்கக் கொள்முதல் தர வேண்டும். மூன்றாவது, மின்சாரம். இதில் நாம் மார்தட்டிக்கொள்ளவும் காரணம் உண்டு, அடக்கத்துக்கும் காரணம் உண்டு. மின் நிலையங்களின் மொத்தத் திறனில் பாதி, நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவும் சாராததாக ஆக வேண்டும் என்ற இலக்கை 2030-க்கு ஐந்து ஆண்டுகள் முன்னதாக, 2025-லேயே தேசம் எட்டிவிட்டது. ஆனால் உண்மையில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னமும் நிலக்கரியிலிருந்தே வருகிறது. சூரியன் மறைந்த பிறகும் விளக்கெரிய, மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் சாதனங்கள் மலிவாக வேண்டும். நான்காவது, இத்தகைய எந்த நற்காரியத்துக்காகவும் இடம் பெயர்க்கப்படுகிறவர்களுக்கு முதலில் ஏற்பாடு, பிறகு பெயர்ப்பு என்ற விதி.

இவற்றுக்காக உலகத்திடம் நாம் கேட்க வேண்டியவையும் சிலவே. கொடுத்த வாக்கைக் காலத்தில் நிறைவேற்றுங்கள். புயலிலும் வெள்ளத்திலும் இழந்தவர்களுக்குத் தரும் உதவி கடனாக இருக்கலாகாது. பண்டத்தை விற்பதோடு அதைச் செய்யும் வித்தையையும் கற்றுக்கொடுங்கள். மெக்ஸிகோ விதையும் ஜப்பானிய ரயிலும் பலன் தந்தன என்றால், அவற்றோடு வித்தையும் வந்து சேர்ந்ததனால்தான். அடுத்த முறை நமக்கு அந்த உதவி வேண்டாம் என்று சொல்லும் வலிமையை எது தருகிறதோ, அதுவே மேலான உதவி.

இதையெல்லாம் சர்க்கார்தானே செய்ய வேண்டும், குடும்பத்தை நடத்தவே மூச்சு முட்டும் நாம் என்ன செய்ய முடியும் என்று சிலர் கேட்கக் கூடும். ஒன்று செய்யலாம், அது நம் கைக்கு எட்டிய தூரத்திலேயே இருக்கிறது. டில்லியின் 2015-ஆம் ஆண்டுக் குடிசை மறுவாழ்வுக் கொள்கையின்படி, 2015 ஜனவரி 1-க்கு முன்பே ஒரு குடிசை அவ்விடத்தில் இருந்தது என்பதற்கு ஆதாரம் காட்டினால்தான் மாற்று வீட்டுக்குத் தகுதி உண்டு. பேட்டையோ 2006 ஜனவரி 1-க்கு முற்பட்டதாக இருக்க வேண்டும். வாக்காளர் பட்டியலில் பெயர், ரேஷன் அட்டை, மின்சாரச் சீட்டு, பள்ளிச் சான்று ஆகிய காகிதங்களே அந்த நாளில் ஒரு குடும்பத்தின் கூரையாகின்றன. ஹிந்தியில் வரும் அறிவிப்பைப் படிக்க முடியாமலும், மேல் முறையீடு செய்ய நாள் குறித்திருப்பது தெரியாமலும் உரிமையை இழக்கும் குடும்பம் ஒன்றுகூட நம் மக்களிடையே இருக்கலாகாது. அலுவலகங்களில் எழுதிப் பழகிய அன்பர்கள் நம்மில் எத்தனையோ பேர். நம் வீடுகளில் வேலை செய்ய வரும் அம்மாளிடம், காகிதங்கள் சரியாக இருக்கின்றனவா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை விசாரித்து, குறை இருந்தால் ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது பெரிய காரியமன்று. சங்கத்தின் மண்டபத்தில் மாதம் ஒரு நாள் அதற்கென்றே நாலு பேர் அமர்ந்தாலும் எத்தனையோ குடும்பங்களுக்கு உதவும்.

வேறு சில காரியங்களும் நம் வசத்தில் உள்ளன. நாம் வசிக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் கழிவு எங்கே போகிறது என்று குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் ஒரு கேள்வி கேட்கலாம். பெரும்பாலான இடங்களில் அக்கேள்வியை இதுவரை எவரும் கேட்டதில்லை. கூரையில் விழும் மழைநீரைத் தரைக்குள் இறக்கும் குழி தூர்ந்து கிடக்கிறதா என்று ஆடி மாதத்துக்கு முன் பார்க்கலாம். நம் வீட்டிலிருந்து புறப்படும் நீருக்கு நாம் பொறுப்பேற்காத வரையில், யமுனையைப் பற்றிப் பெருமூச்செறிவதில் பொருளில்லை.

செல்வ நாடுகளின் வாசலில் நின்று நம் பிரதிநிதிகள் நியாயம் கேட்கட்டும்; உரக்கவே கேட்கட்டும். அவர்களுடைய குரலுக்கு வலிமை சேர்ப்பது இங்கே நம் கையில் இருக்கிறது. நரேலாவில் புது வீட்டுக்குப் போன குழந்தை தமிழ்ப் பள்ளிக்குப் போய்வர வண்டி கிடைக்கும் நாளிலும், பாராபுல்லாவின் நீர் தெளியும் நாளிலும், அக்குரலில் ஒரு பங்கு நம்முடையதாகும்.